ஒரே மரத்தடியில் நிற்கக் கற்பிக்காதீர்கள்!



சில மாதங்களுக்கு முன்பு, கிந்தா வட்டாரத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்காக ஒரு நிரலாக்கப் பயிலரங்கு நடந்தது. என் மாணவர்களையும் அழைத்துச் சென்றிருந்தேன். நடத்தியவர்கள் ஊதியம் ஏதும் பெறாமல் வந்த இளைஞர்கள். அவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அங்குக் கற்பிக்கப்பட்ட ஒன்றையும் சொல்லப்பட்ட ஒன்றையும் எதிர்த்து எழுதாமல் இருக்க என்னால் இயலவில்லை.

இரண்டு கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் சிறிய பைதான் நிரல் அது. திரையில் ஒரு சாளரம். அதில் எழுதுவதற்கு ஒரு கட்டம். அனுப்புவதற்கு ஒரு பொத்தான். பிள்ளைகள் ஆர்வத்தோடு தட்டச்சு செய்து முடித்தார்கள். இயக்கியவுடன் சாளரம் உறைந்து போனது. மாணவி ஒருத்தி பொத்தானை ஏழெட்டு முறை அழுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். எதிர்ப்பக்கத்துக் கணினியிலிருந்து செய்தி வந்த நொடியில் சாளரம் உயிர்பெற்றது. மறுநொடியே மீண்டும் உறைந்தது.

“லைன் மெதுவாக இருக்கிறது” என்றார் பயிற்றுநர். இரு கணினிகளும் ஒரே அறையில், ஒரே கம்பிவடத்தில் இருந்தன. இணையத்திற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பழுது நிரலில் இருந்தது.

அதை மெல்ல எடுத்துச் சொன்னேன். அவர் உடனே ஒரு மாற்றம் செய்தார். வினாடிக்கு ஒருமுறை “செய்தி வந்ததா? வந்ததா?” என்று எட்டிப் பார்க்கும் ஒரு சுழற்சியை எழுதினார். சாளரம் திக்கித் திக்கி நகர்ந்தது. “மீளழைப்பு முறையைச் சொல்லிக் கொடுக்கலாமே?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் பல்கலைக்கழகப் பாடம், ஐயா. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இது போதும்” என்றார்.

‘இது போதும்’ என்ற அந்தச் சொல்லை எதிர்த்தே இக்கட்டுரை.

உறைந்தது ஏன்?

முதலில் சாக்கெட் என்பது என்ன என்று பார்ப்போம். பிணையத்தின் வழியே இன்னொரு கணினியோடு பேசுவதற்கு ஒரு நிரல் திறந்து வைத்துக்கொள்ளும் வாயில் அது. தமிழில் ‘பொருத்துவாய்’ என்று கூறலாம். இன்று நாம் பயன்படுத்தும் சாக்கெட் அமைப்பு, 1983இல் அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி இயங்குதளத்தின் வழியாகப் பரவியது. புலனம், மின்னஞ்சல், வங்கிச் செயலி என எதைத் திறந்தாலும் அதன் அடியில் ஒரு சாக்கெட் இருக்கிறது.

சாக்கெட்டிடம் “வந்திருப்பதைக் கொடு” என்று ஒரு நிரல் கேட்கிறது. எதுவும் வந்திருக்கவில்லை என்றால்? வழக்கமான ஏற்பாட்டில், வரும்வரை அந்த நிரல் அதே வரியில் நின்றுவிடும். பொத்தானைக் கவனிக்காது, சாளரத்தை வரையாது, எதையும் செய்யாது. பயிலரங்கில் நடந்தது இதுதான்.

என் தாயார் பால் மரம் வெட்டியவர். விடியுமுன்னே பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தம் நிரையில் உள்ள 400க்கும் மேற்பட்ட மரங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சீவுவார். சீவிய மரத்தில் பால் மணிக்கணக்கில் வடியும். ஒரு மரத்தைச் சீவிவிட்டு, அதன் மங்கு நிரம்பும்வரை அங்கேயே நின்றிருந்தால் என்னவாகும்? பகல் முழுவதும் நின்றாலும் நான்கைந்து மரத்துப் பால்தான் கிடைக்கும். அன்றைய கூலி போய்விடும். தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அப்படி நின்றதில்லை. ஆனால், கணினி கற்பிக்க வந்த நாம், பிள்ளைகளின் நிரலை அப்படித்தான் நிற்க வைக்கிறோம்!

பயிற்றுநரின் ‘திருத்தம்’ என்ன செய்தது?

மரத்தடியில் நிற்பதை விட்டுவிட்டு, வெட்டுக்காரரை எல்லா மரங்களுக்கும் ஓயாமல் ஓடவிட்டது. “நிரம்பியதா? இல்லை. நிரம்பியதா? இல்லை.” இதற்கு இரண்டு வகையில் விலை கொடுக்கிறோம்.

இடைவெளி இல்லாமல் எட்டிப் பார்த்தால், கணினியின் செயலி வெறும் ‘இல்லை’ என்ற விடையைப் பெறுவதற்காகவே முழு வேகத்தில் ஓடும். கைப்பேசியாக இருந்தால் மின்கலம் கரையும். இதைத் தவிர்க்க வினாடிக்கு ஒருமுறை பார்க்கலாம் என்றால், அப்போது தாமதம் வந்து சேர்கிறது. ஒரு செய்தி சராசரியாக அரை வினாடி வாயிலில் காத்துக் கிடக்கும். போய்வரும் உரையாடலில் இரு பக்கமும் சேர்ந்து ஒரு வினாடி வீணாகும். இடைவெளியைக் குறைத்தால் உழைப்பு வீண். கூட்டினால் நேரம் வீண். இரண்டும் இல்லாத ஓர் இடைவெளியை எவராலும் தேர்ந்தெடுக்க முடியாது.

இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் ஆளை நிறுத்துவது. நிரலாக்கத்தில் இதை ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் இழை என்பார்கள். பத்து இணைப்புகளுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். பத்தாயிரம் இணைப்புகள் வந்தால்? லினக்சில் ஓர் இழையின் அடுக்குக்கு வழக்கமாக 8 மெகாபைட் முகவரி இடம் ஒதுக்கப்படுகிறது. அவ்வளவும் உடனே நினைவகத்தில் நிரம்பிவிடாது என்பது உண்மைதான். ஆயினும், அத்தனை இழைகளையும் மாற்றி மாற்றி இயக்குவதே இயங்குதளத்துக்குப் பெருஞ்சுமை. 1999இல் டேன் கெகல் என்பவர் இந்தப் பத்தாயிரம் இணைப்புச் சிக்கலை ஒரு கட்டுரையாக எழுதி, உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

மீளழைப்பு என்பது இதுதான்

பால் மரம் தானாகக் கூப்பிடாது. அதனால் உவமையைச் சற்று மாற்றிக்கொள்வோம். தோட்ட அலுவலகத்துக்கு ஊரிலிருந்து கடிதம் வரும் என்று ஒருவர் எதிர்பார்க்கிறார். அவர் அலுவலக வாசலில் நாள் முழுவதும் நிற்கலாம். அல்லது மணிக்கொரு தரம் வந்து, “கிராணி ஐயா, கடிதம் வந்ததா?” என்று கேட்கலாம். அல்லது, “ஐயா, என் பெயருக்குக் கடிதம் வந்தால் மூன்றாம் லயத்துக்கு ஆள் அனுப்புங்கள்” என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போகலாம்.

மூன்றாவது வழியே ‘கால்பேக்’ எனப்படும் மீளழைப்பு. கிராணி இடத்தில் இருப்பது இயங்குதளம். கடிதம் என்பது சாக்கெட்டில் வந்து சேரும் தரவு. வீட்டு விலாசம் என்பது, தரவு வந்ததும் இயங்க வேண்டிய செயற்கூறு. “இந்தச் சாக்கெட்டில் ஏதேனும் வந்தால் இந்தச் செயற்கூறை அழை” என்று பதிந்து வைப்பதே முழு வேலையும். பதிந்தபின் நிரல் உறங்கலாம், அல்லது வேறு வேலை பார்க்கலாம். பல சாக்கெட்டுகளைப் பதிந்து வைத்து, எது ஆயத்தமானதோ அதற்குரிய செயற்கூறை அழைத்துக்கொண்டே இருக்கும் பகுதிக்கு ‘நிகழ்வுச் சுழல்’ என்று பெயர்.

இதற்கான அடிப்படை அந்த 1983ஆம் ஆண்டு இயங்குதளத்திலேயே ‘செலக்ட்’ என்ற அழைப்பாக இருந்தது. ஆனால், ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் கிராணியிடம் நீட்ட வேண்டும். லினக்சில் 1024 என்ற வழக்கமான வரம்பும் உண்டு. பிறகு 2000இல் ஃப்ரீபிஎஸ்டியில் ‘கேகியூ’ வந்தது. 2002இல் லினக்சின் வளர்ச்சிப் பதிப்பில் ‘ஈபோல்’ வந்தது. ஒருமுறை பதிந்தால் போதும். ஆயத்தமானவற்றை மட்டும் இவை திருப்பித் தரும். இந்த அடித்தளத்தின்மீது இகோர் சிசோயெவ் 2004இல் ‘எஞ்சின்எக்ஸ்’ வழங்கியை வெளியிட்டார். 2009இல் ரயன் டால் ‘நோட் ஜேஎஸ்’ஸை அறிமுகப்படுத்தி, மீளழைப்பை இணைய நிரலாளர் அனைவரின் கைக்கும் கொண்டு சேர்த்தார்.

“இது பிள்ளைகளுக்குப் புரியாது”

இதுதான் முதல் எதிர்ப்பு. நான் கேட்கிறேன்: அதே பயிலரங்கு நிரலில் ஒரு பொத்தான் இருந்ததே, அது எப்படி இயங்கியது? “பொத்தானே, உன்னை அழுத்தினார்களா?” என்று வினாடிக்கு ஒருமுறை கேட்கும் சுழற்சியைப் பிள்ளைகள் எழுதினார்களா? இல்லை. “அழுத்தினால் இந்தச் செயற்கூறை அழை” என்று ஒரே வரியில் எழுதினார்கள். அது மீளழைப்புதானே! பொத்தானுக்குப் புரிந்தது சாக்கெட்டுக்கு மட்டும் எப்படிப் புரியாமல் போகும்?

மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகம் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் மென்பொருளில் விளையாடிய பிள்ளைகளைக் கேளுங்கள். பச்சைக் கொடியைச் சொடுக்கினால், விசையை அழுத்தினால், ஒரு செய்தியைப் பெற்றால் என்றுதான் அதன் தொகுதிகள் தொடங்குகின்றன. பத்து வயதுப் பிள்ளைக்கு நிகழ்வு என்னும் கருத்து ஏற்கெனவே கைவந்திருக்கிறது. 2017 முதல் நம் நாட்டுக் கலைத்திட்டத்தில் கணிமைச் சிந்தனை இடம்பெற்றுள்ளது. இருந்தும், அடுத்த படிக்கு நாம் ஏற்ற மறுத்து, எட்டிப் பார்க்கும் சுழற்சிக்கு அவர்களைத் திரும்ப இறக்கிவிடுகிறோம்.

“மீளழைப்பு சிக்கலானது, அதன் காலம் முடிந்துவிட்டது”

இரண்டாவது எதிர்ப்பு இது. இதில் பாதி உண்மை உண்டு. மீளழைப்புக்குள் மீளழைப்பு, அதற்குள் இன்னொன்று என்று அடுக்கினால் நிரல் வலப்பக்கமாகச் சரிந்துகொண்டே போகும். பிழையைத் தேடுவது கடினம். அதனால்தான் பைதான் 2015இலும், ஜாவாஸ்கிரிப்ட் 2017இலும் ‘அசிங்க்’, ‘அவெய்ட்’ என்ற சொற்களைச் சேர்த்துக்கொண்டன. நிரல் மேலிருந்து கீழாகப் படிக்கும்படி ஒழுங்காக அமைகிறது. ஆனால், அச்சொற்களின் அடியில் இருப்பதும் அதே நிகழ்வுச் சுழல்தான். அதே “வந்தால் அழை” என்ற பதிவுதான். அடியில் நடப்பதை அறியாமல் மேற்சொல்லை மட்டும் மனனம் செய்தவர், நிரல் உறைந்தால் மீண்டும் “லைன் மெதுவாக இருக்கிறது” என்றே சொல்வார்.

எட்டிப் பார்ப்பது எங்குமே தவறு என்று நான் வாதிடவில்லை. ஓயாமல் தரவு வந்துகொண்டே இருக்கும் இடத்தில், ஒவ்வொரு வரவுக்கும் மணியடிப்பதே சுமையாகிவிடும். லினக்சு இயங்குதளமே, பிணைய அட்டையில் வரவு மிகும்போது மணியை நிறுத்திவிட்டுத் தொகுதி தொகுதியாக எடுத்துக்கொள்கிறது. ஸ்கிராட்ச் விளையாட்டிலும், விசை அழுத்தியிருக்கும்வரை பாத்திரம் சீராக நகர, எட்டிப் பார்க்கும் சுழற்சியே நன்று. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எப்போதாவது வரும் செய்திக்காக எப்போதும் ஓடவிடுவதைத்தான் கண்டிக்கிறேன்.

கற்பிப்பதானால் முழுமையாகக் கற்பியுங்கள்

மீளழைப்பு என்று பெயரைச் சொல்லிவிட்டு நகர்வதும் பயன் தராது. அதனோடு வரும் கடமைகள் நான்கு.

ஒன்று: அழைக்கப்பட்ட செயற்கூறு விரைந்து முடிய வேண்டும். நிகழ்வுச் சுழலில் வெட்டுக்காரர் ஒருவரே. அவர் ஒரு மரத்தடியில் கதை பேச நின்றால், மற்ற மரங்களின் கதி என்ன? மீளழைப்புக்குள் நீண்ட கணக்கைப் போட்டால் எல்லா இணைப்புகளும் உறையும்.

இரண்டு: நேர வரம்பு வைக்க வேண்டும். வராத கடிதத்துக்குக் கிராணி ஆள் அனுப்ப மாட்டார். எதிர்ப்பக்கத்துக் கணினியின் மின்சாரம் துண்டிக்கப்பட்டால், நம் செயற்கூறு அழைக்கப்படாமலே இருந்துவிடக்கூடும். ஆகவே, “30 வினாடிக்குள் வராவிட்டால் இதைச் செய்” என்பதையும் சேர்த்துப் பதிய வேண்டும்.

மூன்று: முடிவையும் ஒரு நிகழ்வாகக் கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கம் முறையாகத் தொடர்பை மூடினாலும் மீளழைப்பு வரும். படித்தால் சுழியம் பைட் கிடைக்கும். அதைக் கண்டதும் பதிவை நீக்காவிட்டால், சுழல் அதே செயற்கூறை ஓயாமல் அழைத்துக்கொண்டே இருக்கும்.

நான்கு: வந்தது முழுச் செய்தி என்று நம்பக் கூடாது. இதுதான் தமிழருக்கு மிக முதன்மையானது. சற்று விரித்துச் சொல்கிறேன்.

அறுபடும் எழுத்து

டிசிபி இணைப்பு என்பது பைட்டுகளின் ஓடை. அனுப்பியவர் ஒரே வீச்சில் அனுப்பினாலும், பெறுபவருக்கு இரண்டு துண்டாக வரலாம். இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டும் வரலாம். மீளழைப்பு சொல்வதெல்லாம் “ஏதோ வந்திருக்கிறது” என்பது மட்டுமே.

‘ஈப்போ’ என்ற நம் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். உரோமன் எழுத்தில் அது நான்கு எழுத்து. யுடிஎஃப்-8 முறையில் நான்கு பைட். எங்கு வெட்டினாலும் எழுத்துக்கு நடுவே வெட்டு விழாது. தமிழில் எழுதினால் ஈ, ப, புள்ளி, ப, ஓகாரக் குறி என ஐந்து குறியீடுகள். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆக மொத்தம் 15 பைட். இந்தப் பதினைந்தை இரண்டாக வெட்டக்கூடிய இடங்கள் 14. அவற்றுள் நான்கு இடங்களில் மட்டுமே குறியீடு முழுதாகத் தப்பிக்கும். மற்ற 10 இடங்களில் எங்கு வெட்டினாலும் ஒரு குறியீடு நடுவே அறுபடும்.

வந்த துண்டை அப்படியே எழுத்தாக மாற்றும் மீளழைப்பு, அந்த இடத்தில் பிழை காட்டி நிற்கும். அல்லது கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போட்டுக் காட்டும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த நிரலாளரின் கண்ணில் இந்தப் பழுது படவே படாது. “தமிழ் எழுத்துரு சரியில்லை” என்று பழியைத் தமிழின்மீது போட்டுவிடுவார்! உண்மையில் பழுது, துண்டுகளைச் சேர்த்து வைக்காத அவருடைய மீளழைப்பில் இருக்கிறது. மீதியைச் சேமித்து வைத்து, அடுத்த துண்டோடு சேர்த்து, முழுமையானதை மட்டும் மாற்ற வேண்டும். பைதானிலும் நோட் ஜேஎஸ்ஸிலும் இதற்கென்றே ஆயத்தக் கருவிகள் உள்ளன.

இப்போது சொல்லுங்கள். இந்தப் பாடம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குத் தேவையற்றதா? தன் பெயரைத் தன் மொழியில் அனுப்பி, அது உடைந்து வருவதைக் கண்டு, ஏன் என்று கேட்கும் முதல் மாணவர் நம் வகுப்பில்தான் இருப்பார். ஆங்கிலத்தில் மட்டும் தட்டச்சு செய்யும் வகுப்பில் இந்தக் கேள்வி எழவே எழாது. பிணைய நிரலாக்கத்தின் நுட்பமான ஒரு பாடத்தை மற்றவரினும் எளிதாகக் கற்கும் வாய்ப்பு நம் பிள்ளைக்கு இருக்கிறது. “இது போதும்” என்று சொல்லி அதைத்தான் பறிக்கிறோம்.

‘இது போதும்’ யாருடைய சொல்?

தோட்டத்துப் பள்ளிகளின் வரலாறு அறிந்தவர்களுக்கு இச்சொல் புதிதன்று. பெயர் எழுதத் தெரிந்தால் போதும். கணக்குப் பிடிக்கத் தெரிந்தால் போதும். பிள்ளைகள் எப்படியும் பால் மரத்துக்குத்தானே போகப் போகிறார்கள் என்று ஒரு காலத்தில் மற்றவர்கள் நமக்கு வரம்பு கட்டினார்கள். இன்று அத்தோட்டங்கள் பலவற்றில் இரப்பர் இல்லை. செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. பள்ளிகள் சில இடம்பெயர்ந்துவிட்டன. ஆனால், அந்த வரம்புச் சொல் மட்டும் இடம்பெயராமல் நம் வாயிலேயே தங்கிவிட்டது. அதைச் சொன்னவர் ஒரு தமிழ் இளைஞர் என்பதே என் வருத்தம்.

தமிழில் இதற்குச் சொல் இல்லை என்று எவரும் சொல்ல வேண்டா. முரசு அஞ்சலை உருவாக்கி, உலகத் தமிழர்களைக் கணினியில் எழுத வைத்த முத்து நெடுமாறன் மலேசியர். தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரில் கூடியது. நிகழ்வு, மீளழைப்பு, பதிதல், சுழல், இழை ஆகிய ஐந்து சொற்கள் போதும், இக்கட்டுரை முழுவதையும் வகுப்பில் நடத்த.

கணினி இல்லாமலும் நடத்தலாம். ஒரு மாணவர் கிராணியாக நிற்கட்டும். ஐந்து பேர் சாக்கெட்டுகளாக அமரட்டும். ஒருவர் நிரலாக இருக்கட்டும். முதல் சுற்றில் நிரல் ஒருவர் முன்னாலேயே நிற்கட்டும். இரண்டாம் சுற்றில் ஐவரிடமும் ஓடி ஓடிக் கேட்கட்டும். மூன்றாம் சுற்றில் கிராணியிடம் பெயர் பதிந்துவிட்டுத் தம் நாற்காலியில் அமர்ந்து கணக்குப் போடட்டும். ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை நடை நடந்தார், எத்தனை கணக்குப் போட்டார் என்று கரும்பலகையில் எழுதுங்கள். இறுதியாக, ‘ஈப்போ’ என்ற சொல்லைப் பதினைந்து அட்டைகளாக்கி, ஏழு அட்டைகளை மட்டும் முதலில் கொடுத்துப் பாருங்கள். ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும்.

அடுத்த பயிலரங்குக்கு என்னையும் அழைத்திருக்கிறார்கள். போவேன். அந்த இளைஞரிடம் சண்டை போட அன்று; பதினைந்து அட்டைகளோடு போவேன். சாளரம் உறைந்து போனதும் என்னைத் திரும்பிப் பார்த்த மாணவிக்கு நாம் தர வேண்டிய விடை ஒன்று நிலுவையில் இருக்கிறது. “லைன் மெதுவாக இருக்கிறது” என்பது அந்த விடையாகாது.

பால் மரத்தடியில் நின்று காலத்தைக் கழிக்காத தாயின் பேத்திகளுக்கு, சாக்கெட் வாயிலில் நின்று காலத்தைக் கழிக்கக் கற்பிக்காதீர்கள்.